இடது ஐந்து, வலது ஆறு

ஜெபக்கனி என்று எழுத வராமல்
ஜே. கனி என்று எழுதிக்கொண்டு
ஸ்டோர்க்காரர் தள்ளிவிட்டார் ஒரு ஜோடி.
கறுப்பு. கனம்.
பூட்டிவைத்த பீரோவும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை.
பாரக்ஸுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால்
இடது அடியில் ஐந்து,
வலது அடியில் ஆறு.

திரும்பப் போனேன்.
கால் வளரும், போ என்றார்
பத்தொன்பது வயதுக்காரியிடம்.

புதுச் செருப்பு கடிக்கும், தெரியும்.
இடது கடித்தது. அதுகூடப் பரவாயில்லை.
வலது,
நான் நின்ற பிறகும் கொஞ்சம் நடந்தது.
இரண்டு சாக்ஸ், அதற்குள் பஞ்சு,
அதற்கும் உள்ளே என் குதிகால்
தோலைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பெங்களூர் ஜூலையில் எதுவும் காயாது.
மழை என்றும் சொல்ல முடியாது,
வானம் தும்மிக்கொண்டே இருக்கும்.
நனைந்த பூட்ஸுக்குள்
கன்னடப் பேப்பரைச் சுருட்டித் திணித்துவிட்டுப் படுப்போம்.
ஐந்து மணிக்கு உருவினால்
ஏதோ ஒரு வேட்பாளரின் பாதிச் சிரிப்பு
கையோடு வரும்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ஈஜிப்புரா பஸ்
காலியாக உறுமிக்கொண்டு போகும்.
அதில் ஏறினால் உட்காரலாம் என்று
தினமும் ஒரு தடவை நினைத்தேன்.

பாலிஷ் என்பது வேறு படிப்பு.
மூடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர்.
பழைய பனியன் துணி, சுட்டுவிரலில் சுருக்கமில்லாமல்.
சின்ன வட்டம், அதைவிடச் சின்ன வட்டம்.
தூங்குகிற குழந்தையின் கன்னத்தில்
மை வைக்கிற அழுத்தம்.
அதற்கு மேல் போனால்
நேற்றுப் போட்ட பளபளப்பும் போய்விடும்.
முகம் தெரியணும் என்பார் உஸ்தாத்.
முதல் வாரம் டியூப்லைட் தெரிந்தது.
மூன்றாம் வாரம் ஒரு கலங்கல்,
அதில் மூக்கு இருக்கலாம்.
உஸ்தாத் தீக்குச்சியால்
அடித்தையலை நோண்டி
ஒரு கடுகளவு சேறு எடுத்துக் காட்டினார்.
கடுகுக்குப் பத்து ரவுண்டு.

வெயில் அடித்த ஒரே ஞாயிற்றுக்கிழமை
மதிலோரம் எல்லோருடைய பூட்ஸும் மல்லாந்து கிடந்தன.
நூற்று நான்கு அடிகள்.
அடி அடியாக வாசித்துக்கொண்டே போனேன்.
ஐந்து ஐந்து.
நான்கு நான்கு.
ஆறு ஆறு ஆறு ஆறு.
குழாயடிக்குப் பக்கத்தில்
இடது ஆறு,
வலது ஐந்து.

அஸ்ரிதா திர்க்கி. கும்லா பக்கம்.
அவளுக்கும் எனக்கும்
இந்தி ஸ்டோரில் வாங்கியதுதான்,
அதுவும் அளவு சரியில்லாதது.
சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினேன்.
அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.
நகம் கறுத்திருந்தது, பாலிஷ் போட்டதுபோல.
பூட்ஸின் வாயை விரித்துப் பிடித்து
தன் வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னாள்.
பல்.
என்னது?
மறுபடியும், உதட்டைத் தூக்கித்
தன் முன்பல்லைத் தட்டி:
பல்.
ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து
எங்கள் வீட்டுச் சொல்
எனக்கு முன்னாலேயே வந்து
இவள் வாயில் உட்கார்ந்திருந்தது.
பல், பல் என்று
இரண்டு பேரும் ஈயென்று காட்டிக்கொண்டோம்.
சென்ட்ரி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மாற்றிக்கொண்டோம்.
கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும்.
ஆனால் ஆறு வாரம் ஆகிவிட்டது.
ஆறு காலைத் திணித்துத் திணித்து
அவள் ஐந்தை ஐந்தரை ஆக்கியிருந்தாள்.
உள்ளே அவள் சுண்டுவிரலுக்கு ஒரு குழி,
என் விரல் எட்டாத இடத்தில்.
நான் கொடுத்ததில் என் பஞ்சு,
என் மடிப்பு, என் சாய்ந்த நடை.
அவளை அது எங்கே கொத்துகிறது என்று
கேட்க எனக்கு வார்த்தை இல்லை.
பல் மட்டும்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்.
இடது முனை என் வட்டம்,
வலது முனை அவள் வட்டம்,
அவள் இடக்கைக்காரி, எதிர்ப்பக்கம் சுற்றுபவள்.
உஸ்தாத் குனிந்தார்.
இதில் பார்த்தார், அதில் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வலதில் பார்த்துத்
தொப்பியைக் கொஞ்சம் நேராக்கிக்கொண்டு
அடுத்தவளிடம் நகர்ந்தார்.

குதிகாலில் ஏதோ ஈரம்.
தண்ணீரா, மற்றதா என்று பார்க்க
பதினொன்றரை வரை நேரமில்லை.